எல்லாப் பருந்தும் குஞ்சு தூக்காது



குழுக் கடன் வாங்கி நாட்டுக்கோழி வளர்க்கிறவங்களுக்கு, பருந்தைக் கண்டாலே கோபம் வரும். குஞ்சு போனால் நஷ்டம் நமக்குத்தானே! ஆனால் குளிர்காலத்தில் கரிசல் காட்டுக்கு வருகிற ஒரு பருந்து நம்ம பயிருக்கு உதவி செய்கிறது. அதன் பெயர் பூனைப்பருந்து.

எங்கிருந்து வருகிறது?

கஜகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளியில் குஞ்சு பொரிக்கும். அங்கே குளிர் தொடங்கியதும் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து இந்தியா வருகிறது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்ட மானாவாரி நிலங்களிலும் பார்க்கலாம். அக்டோபர் வாக்கில் வந்து, மார்ச், ஏப்ரலில் திரும்பிவிடும்.

அடையாளம் என்ன?

கள்ளப்பருந்து உயரத்தில் வட்டம் போடும். வால் நடுவில் பிளந்திருக்கும். குஞ்சு தூக்குவது பெரும்பாலும் அதுவும் வல்லூறும்தான். பூனைப்பருந்து பயிருக்கு மேலே தாழ்வாக, சிறகை 'வி' மாதிரி தூக்கி வைத்து, சாய்ந்து சாய்ந்து தேடிக்கிட்டே போகும். கரிசலுக்கு வரும் வகைகளில் ஆண் சாம்பல் நிறம், சிறகு நுனி கறுப்பு. பெண் பழுப்பு நிறம், வாலடியில் வெள்ளைத் திட்டு இருக்கும்.

வெட்டுக்கிளி, எலி, ஓணான், சின்னப் பறவைகள்தான் இதன் இரை. பொழுது சாய்ந்தால் தரிசுப் புல்லில் கூட்டமாக இறங்கி, தரையிலேயே தூங்கும்.

விஷம் யாருக்கு?

1995-96ல் ஆர்ஜென்டினா வயல்களில் வெட்டுக்கிளிக்கு மோனோகுரோட்டோபாஸ் அடித்தார்கள். அந்த வெட்டுக்கிளியைத் தின்ற வேறு வகைப் பருந்துகள் ஆயிரக்கணக்கில் செத்தன. அவையும் குளிருக்குப் பயந்து வட அமெரிக்காவிலிருந்து வந்தவைதான். நம்ம ஊர்க் கடைகளிலும் பல வருஷம் விற்ற மருந்து அது. விஷம் பருந்தோடு நிற்காது. களையெடுக்கிற நம்ம கையிலும் ஒட்டும்.

நாம் என்ன செய்யலாம்?

1. தை, மாசியில் தரிசுப் புல்லுக்குத் தீ வைக்காதீங்க. ஆட்டுக்கும் மேய்ச்சல் மிஞ்சும்.
2. எலிக்கு விஷத்துக்குப் பதில் கிட்டி வையுங்க. விஷம் வைத்திருந்தால் செத்த எலியை எடுத்துப் புதைத்துவிடுங்க.
3. பூச்சி எவ்வளவு இருக்குன்னு பார்க்காமல் மருந்து அடிக்காதீங்க.
4. சின்னக் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் அடைத்து வளருங்க.

ஒருநாள் சாயந்தரம் பிள்ளைகளோடு வரப்பில் நின்று பாருங்க. புல்லுக்குள்ளே போய்க் கலைக்காமல், தள்ளி நின்றே எண்ணுங்க. எத்தனை வந்ததுன்னு அடுத்த குழுக் கூட்டத்தில் சொல்லுங்க!