பெங்களூர் கத்தரிக்காய் கத்தரிக்காயே அல்ல!
பெயர் தெரியாத செடியை அடையாளம் காண்பது எப்படி?

ஊருக்குப் போய் வைட்ஃபீல்ட் திரும்புகிறவர்களின் பையில், ஊறுகாய்க்கும் முறுக்குக்கும் நடுவே ஒரு காகிதப் பொட்டலம் இருக்கும். உள்ளே நாலைந்து விதை. "அத்தை கொடுத்தாங்க, நல்லா காய்க்குமாம்" என்பதோடு விவரம் முடிந்துவிடும். அதில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போகும். பதிலுக்கு அங்கிருந்து ஒரு பிடி கீரை விதை வரும். இப்படி இரண்டு மூன்று கை மாறுவதற்குள் பெயர் தொலைந்துபோகிறது. செடி மட்டும் தொட்டியில் தழைத்து நிற்கிறது. இதைச் சமைக்கலாமா, பிடுங்கி எறிய வேண்டுமா?

பெயரை மட்டும் நம்பினால் ஏமாற வேண்டியதுதான் என்பதற்குப் பெங்களூரிலேயே உதாரணம் உண்டு. 1874-ல் லால்பாக் தோட்டத்தின் பொறுப்பேற்ற ஜான் கேமரன் என்ற ஆங்கிலேய அதிகாரி, வெளிநாட்டுத் தோட்டங்களுடன் விதையும் நாற்றும் பரிமாறிக்கொண்டு பல புதிய பயிர்களை இங்கே பழக்கினார். சௌசௌ அவற்றில் ஒன்று. அதன் தாயகம் மெக்சிகோ பக்கம். கன்னடக்காரர்கள் 'சீமே பதனேகாய்' என்றார்கள். அதாவது சீமைக் கத்தரிக்காய். தமிழ்நாட்டு மார்க்கெட்டில் அதுவே 'பெங்களூர் கத்தரிக்காய்' ஆயிற்று.

ஆனால் கத்தரிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. கத்தரி ஊதாப் பூப் பூக்கும், நடுவில் மஞ்சள் மகரந்தம். சௌசௌ பற்றுக்கம்பி நீட்டிப் பந்தலில் படரும். சிறிய வெளிர் நிறப் பூ. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. பூசணி, சுரை, பீர்க்கு எல்லாம் இந்த ஜாதிதான். இன்னொரு வேடிக்கை: இதன் விதையைப் பொட்டலத்தில் மடித்துக் கொடுக்க முடியாது. காய்க்குள் இருப்பது ஒரே விதை. அது காய்க்குள்ளேயே முளைவிடும்; காயோடுதான் நட வேண்டும்.

ஆகவே, பெயர் தெரியாத செடி என்றால் பூக்கும்வரை பொறுப்பதே முறை. இலை ஏமாற்றும், பூ அவ்வளவாக ஏமாற்றாது. கத்தரி நாற்றுகளின் நடுவே அகன்ற இலையோடு ஒன்று எழும்பினால் ஊமத்தையாகவும் இருக்கலாம். அதுவும் கத்தரிக் குடும்பமே, ஆனால் விஷம். வெள்ளைப் புனல் போன்ற பூவும் முள்ளுக்காயும் வந்தபின்தான் சந்தேகம் தீரும். செவ்வந்தி என்று தண்ணீர் ஊற்றி வளர்த்தது, கடைசியில் பொடிப்பொடியாக வெள்ளைப் பூவெடுத்துப் பார்த்தீனியமாக நிற்பதும் உண்டு. தோலில் அரிப்பு உண்டாக்கும் அந்தக் களைக்குப் பெங்களூர் காலிமனைகளில் பஞ்சமே இல்லை.

பெயர் தெரிந்த செடியிலும் ஒரு ஆபத்து உண்டு. சுரைக்கொடியில் கசப்பு ஜாதியின் மகரந்தம் சேர்ந்தால், அந்த வருஷத்துக் காயில் ருசி மாறாது. அதன் விதையைப் போட்டு வளர்க்கிறவர் வீட்டில்தான் கசப்புத் தலைகாட்டலாம். நுனி நாக்கில் ஒரு துண்டை வைத்துப் பார்த்துக் கசந்தால் உடனே துப்பிவிட வேண்டும். காயைச் சமைத்தாலும் கசப்பு நஞ்சு போகாது. கசக்கும் சுரைக்காய்ச் சாற்றைக் குடிக்கவே கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமம் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை 2012-ல் எச்சரித்தது.

அத்தை கொடுத்த விதைக்காவது கேட்க அத்தை இருக்கிறார். 2020-ல் அமெரிக்காவில் பலர் வீட்டுக்கு யார் அனுப்பியது என்றே தெரியாத விதைப் பார்சல்கள் தபாலில் வந்தன. நட வேண்டாம் என்று அந்நாட்டு அரசு தடுத்தது. பிரித்துப் பார்த்தவற்றில் கடுகு, முட்டைக்கோஸ், புதினா, செம்பருத்தி போன்றவை இருந்தன. இருந்தும், கூடவே பூச்சியும் நோயும் வரலாம் என்ற பயம் நியாயமானதே. அதே ஆகஸ்டில் இந்திய விவசாய அமைச்சகமும் மாநிலங்களை உஷார்படுத்தியது.

போனில் படம் பிடித்தால் பெயர் சொல்லும் வசதி இப்போது வந்திருக்கிறது. அதை ஒரு யோசனையாக வைத்துக்கொள்ளலாம். அதை நம்பிக் குழம்பு வைக்கக் கூடாது. இலை, பூ, முடிந்தால் காய் மூன்றும் உள்ள கிளையாகக் கிள்ளி, பழைய பேப்பர் மடிப்பில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கிவிட வேண்டும். பூவின் நிறம், வாசனை, கிள்ளிய இடத்தில் பால் வந்ததா என்பதை உடனே குறித்துக்கொள்வது அவசியம். காய்ந்தபின் இவை தெரியாது. தோட்டக்கலைத் துறையின் அலுவலகம் லால்பாக்கிலேயே இருக்கிறது. காடுகோடியில் மெட்ரோ ஏறி மெஜஸ்டிக்கில் வண்டி மாறினால், லால்பாக் பக்கத்திலேயே இறங்கலாம்.