தூண்டில்காரர்களின் நோட்டுப் புத்தகம்

கனடாவின் மேற்கு மலைகளில் இலையுதிர் காலத்தை ஒட்டிப் புல் டிரவுட் மீன்கள் பெரிய ஆறுகளை விட்டுக் குளிர்ந்த சிற்றோடைகளுக்கு ஏறுகின்றன. தண்ணீர் ஏறக்குறைய 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குளிர்ந்தால்தான் அவை முட்டையிடும். இந்த மீனுக்காகவே சாலை போகாத காட்டு விடுதிகளில் போய்த் தங்குகிறவர்கள் உண்டு. இறகும் நூலும் கொண்டு கட்டிய போலி இரையை வீசிப் பிடித்து, அங்கேயே விட்டுவிடுகிறார்கள். அமெரிக்காவில் இந்த மீன் 1999 முதல் ஒன்றையொன்று ஒட்டிய 48 மாநிலங்களிலும் சட்டப் பாதுகாப்பு பெற்ற இனம். அதன் வீழ்ச்சிக்கு வெப்பமும் அணைகளும் காரணம். வேறு இடத்திலிருந்து கொண்டுவந்து விட்ட புரூக் டிரவுட்டும் காரணம். அந்த மீன் இதனோடு கலந்து இனப்பெருக்கம் செய்து அசல் இனத்தை நலிவடையச் செய்கிறது. நல்லெண்ணத்தோடு விட்ட மீன் அந்த ஆற்றுக்கே உரிய மீனை அழிக்கும் இந்தக் கதை, தூண்டில்காரர்கள் தங்கிய ஒரு காட்டு முகாமின் குறிப்பேடுகள் வழியாகக் காவிரியிலும் வெளிப்பட்டது.

காவிரிக்கென்றே உரிய கூன்முதுகு மகசீர், நன்னீர் மீன்களில் உலகின் பேருருவங்களுள் ஒன்று. 1946-இல் மைசூரைச் சேர்ந்த வான் இங்கன் பிடித்த மீன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அதன் பிறகு அந்த மீன் மறக்கப்பட்டது; 1970-களின் இறுதியில் வந்த ஒரு பிரிட்டிஷ் குழு மறுபடி பிடித்துக் காட்டியது. அதிலிருந்து கர்நாடகத்தில் காவிரியோரம் பீமேஸ்வரி, தொட்டமக்களி, கலிபோரே ஆகிய இடங்களில் முகாம்கள் எழுந்தன. இங்கே இரை பெரும்பாலும் ராகி மாவு உருண்டையாக இருந்தது. ஆனால் பிடித்ததை விடுவிக்கும் விதி அங்கும் இங்கும் ஒன்றாகவே இருந்தது. உள்ளூர்க்காரர்கள் வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் வேலை பெற்றார்கள். பிடித்த ஒவ்வொரு மீனையும், அதன் எடையையும், செலவான நேரத்தையும் முகாம்கள் எழுதி வைத்தன.

கலிபோரே முகாமின் 1998 முதல் 2012 வரையிலான குறிப்புகளை ஏட்ரியன் பிண்டர், ராஜீவ் ராகவன், ராபர்ட் பிரிட்டன் ஆகியோர் ஆராய்ந்து 2015-இல் வெளியிட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் அந்தக் கணக்கு மகிழ்ச்சி தரும்: ஒரு மணி நேரத்தில் சிக்கும் மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு கூடியது. இனம் பிரித்துப் பார்த்தபோது நிலைமை தலைகீழானது. கூடியதெல்லாம் நீலத்துடுப்பு மகசீர். மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா நிறுவனத்தின் பொரிப்பகம் வளர்த்துப் பல மாநிலங்களுக்கும் வழங்கிய இனம் அது. கூன்முதுகு மகசீரோ அரிதாகிக்கொண்டே போனது. சிக்கிய சிலவும் வர வரப் பெரிதாக இருந்தன. பெரிய மீன் சிக்கியதென்று தூண்டில்காரர் பூரித்திருப்பார். மீன் அறிவியலில் அதற்குப் பொருள் வேறு: கிழங்கள் மட்டும் மிஞ்சின, குஞ்சுகள் தலையெடுக்கவில்லை. மொத்த எண்ணிக்கை உயர்வதை ஆற்றின் நலமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் கிடைப்பது அரிது.

வெளி மீனை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமா என்று கேட்கலாம். அணை, மணல் கொள்ளை, வெடி வைத்து மீன் பிடிப்பது எல்லாம் காவிரியில் உண்டு. அவற்றின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் வெடியும் அணையும் இனம் பார்த்துக் கொல்வதில்லை. அதே மடுவில், அதே ஆண்டுகளில் ஓரினம் பெருகவும் இன்னோரினம் தேயவும் செய்தால், இரண்டுக்கும் பொதுவான கேட்டைத் தாண்டிய ஒரு காரணத்தைத் தேடியாக வேண்டும். ஆண்டாண்டாக வந்து இறங்கிய குஞ்சுகளே முதல் சந்தேகத்துக்கு உரியவை. லோனாவாலா விஞ்ஞானிகளின் உழைப்பைக் குறை சொல்வதற்கில்லை. அருகும் ஓரினத்தைக் காக்கத்தான் அவர்கள் பாடுபட்டார்கள். கேடு, ஓராற்று மகசீரை எல்லா ஆற்றுக்கும் பொது மகசீராக நினைத்ததில் இருக்கிறது.

அந்த நினைப்புக்கு ஒரு காரணம், கூன்முதுகு மீனுக்கு உறுதியான அறிவியல் அடையாளமே இல்லாதிருந்தது. அடையாளம் உறுதிப்படாத உயிரை பாதுகாப்புப் பட்டியலில் சேர்ப்பது கடினம். கொச்சியில் பணியாற்றிய மதுசூதன குரூப், சின்னார் சரணாலயம் வழியே ஓடி அமராவதியில் சேரும் பாம்பாற்றின் சிறு மீன்களைக் கொண்டு, சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து டோர் ரமாதேவி என்ற இனத்தை விவரித்திருந்தார். காவிரிப் படுகையின் மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்ட 2018-ஆம் ஆண்டு ஆய்வு, காவிரியின் பேருருவமும் பாம்பாற்றுக் குஞ்சும் ஒரே இனம் என்று நிறுவியது. அதே ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மிக அருகிய இனமாக அறிவித்தது.

தூண்டிலே கொடுமையல்லவா, அதைத் தடுத்ததுதானே சரி என்பது அடுத்த கேள்வி. வனவிலங்குச் சட்டம் பிடிப்பதையும் வேட்டையாகவே கணக்கிடுகிறது. காவிரியோரச் சரணாலயத்துக்குள் இருந்த முகாம்களில் தூண்டில் போடுவது 2012-இல் நிறுத்தப்பட்டது. விடுவிப்பதும் மீனுக்கு வலியில்லாத காரியமன்று. காவிரியில் நீலத்துடுப்பு மகசீரை வைத்துச் செய்த ஆய்வில் விடுவித்த மீன்களில் மிகப் பெரும்பாலானவை பிழைத்தன. ஆனால் பெரிய மீன் நெடுநேரம் போராடிக் களைத்துப்போகிறது. மிக அருகிய இனத்துக்கு அந்தக் களைப்பையும் தர வேண்டியதில்லை, அதனால் மோயாற்றில் பொழுதுபோக்குத் தூண்டிலைத் திறந்துவிடச் சொல்வது என் வாதமன்று. தூண்டிலோடு சேர்ந்து குறிப்பேடும் காவலும் போய்விட்டன என்பதே கவலை. கூன்முதுகு மகசீர் இன்னும் வாழும் நீர்களில் முக்கியமானது முதுமலையையும் சத்தியமங்கலத்தையும் ஒட்டி ஓடிப் பவானிசாகரில் சேரும் மோயாறு. அங்கே வெளிக் குஞ்சு ஒன்றுகூட இறங்கக் கூடாது. ஒவ்வோர் ஆண்டும் இனம் பிரித்து, அளவு பிரித்துக் கணக்கெடுக்கும் வேலையை, ஆற்றங்கரை மக்களுக்கு ஊதியம் தந்து, வனத்துறையும் மீன்வளத்துறையும் சேர்ந்து தொடங்க வேண்டும். மீனைக் கொல்லாமலே நீரில் மிதக்கும் அதன் மரபணுத் துணுக்கிலிருந்து இனத்தைக் கண்டறியும் முறை இப்போது கைவசம் இருக்கிறது.