19 வயதில் கேப்டன்! 32 வயதில் கோப்பை!

கூடைப்பந்தில் கூடை 10 அடி உயரத்தில் இருக்கும். ‘வளர்ந்தவர்களுக்குத்தான் இந்த ஆட்டம்’ என்று பலர் நினைக்கிறார்கள். உடல் வளர்ச்சி நின்ற பிறகும் திறமை வளரும் என்று காட்டியவர், சென்னைப் பெண் அனிதா பால்துரை.

19 வயதிலேயே அவர் இந்தியப் பெண்கள் அணியின் கேப்டன் ஆனார்! அதோடு திருப்தி அடைந்துவிடவில்லை. 2001 முதல் 2017 வரை, ஆசிய கூடைப்பந்துப் போட்டிகளில் 9 முறை ஆடினார்.

தாயான பிறகும்...

இடையே திருமணம் ஆயிற்று, குழந்தை பிறந்தது. ஆனாலும், அனிதா பந்தை விடவில்லை. மீண்டும் பயிற்சி செய்து அணிக்குத் திரும்பினார்.

2017-ல் பெங்களூருவில் ஆசியக் கோப்பை ‘பி’ பிரிவு இறுதி ஆட்டம். கஜகஸ்தானை 75-73 என்ற புள்ளிக் கணக்கில் இந்தியா வென்றது. இரண்டே புள்ளி வித்தியாசம்!

2021-ல் அனிதாவுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

புளியந்தோப்பில் பந்தும் கையுமாகத் திரியும் பெண்ணைப் பார்த்து, ‘இவள் இவ்வளவுதான்’ என்று சொல்லிவிடாதீர்கள். அவள் இன்னும் வளர்வாள்!