சாக்கடை சொல்லும் நோய்க்கணக்கு

திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்திலிருந்து முட்டத்தறை அதிக தூரமில்லை. நகரின் பாதாளச் சாக்கடை நீர் அங்குள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் போய்ச் சேர்கிறது. நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டரைக் கையாளும் திறன் கொண்ட நிலையம் அது.

அகமதாபாத்தின் பழைய பிரானா நிலையமும் ஏறக்குறைய அதே அளவுதான். 2020 மே 8, 27 தேதிகளில் காந்திநகர் ஐ.ஐ.டி. உள்ளிட்ட நிறுவனங்களின் ஆய்வாளர்கள் அங்கே மாதிரி எடுத்தார்கள். உள்ளே வந்த கழிவுநீரில் கொரோனா வைரஸின் ஆர்.என்.ஏ. இருந்தது, சுத்திகரித்து வெளியே விட்ட நீரில் இல்லை. இரண்டாம் மாதிரியில் அதன் அளவு கூடியிருந்தது. அதே நாட்களில் நகரில் நோயாளிகளின் எண்ணிக்கையும் ஏறியிருந்தது.

தொற்று வந்தவர் மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கலாம்; கழிப்பறைக்குப் போகாமல் இருக்க முடியுமா? போலியோ விஷயத்தில் கழிவுநீர்ச் சோதனையின் அருமை புரியும். அந்த வைரஸ் தொற்றிய சுமார் 200 பேரில் ஒருவருக்குத்தான் கைகால் முடங்கும். மற்றவர்களும் வாரக்கணக்கில் மலத்தில் வைரஸை வெளியேற்றிக்கொண்டே இருப்பார்கள். அதனால்தான் மும்பையில் 2001 முதலே சாக்கடை நீரைச் சோதித்து வருகிறார்கள்.

2016-இல் ஐதராபாத்தின் கழிவுநீரில், சொட்டு மருந்திலிருந்து உருமாறிய இரண்டாம் வகை போலியோ வைரஸ் சிக்கியது. ஒரு குழந்தைகூட முடங்கவில்லை. ஆனாலும் அதிகாரிகள் காத்திருக்கவில்லை. ஜூன் மாதத்திலேயே மூன்று லட்சத்துக்கும் அதிகமான குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு முடித்தார்கள். சாக்கடைச் சோதனை ஒரு நகரத்தை இவ்வளவு வேகமாக நகர்த்தியது வியப்புதான்.

செய்முறையில் சிரமம் அதிகம். லிட்டர் கணக்கில் வரும் நீரில் வைரஸ் துளிக்கும் குறைவு. ரசாயனம் சேர்த்துப் படியவைத்தோ வடிகட்டியோ செறிவாக்கிய பிறகே பி.சி.ஆர். கருவிக்கு வேலை. மழை பெய்தால் கழிவு நீர்த்துப்போய், நோய் குறைந்ததுபோல் கணக்கு காட்டும். இதைச் சரிசெய்யப் பல ஆய்வகங்கள் நம்பும் துணை வேடிக்கையானது: மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ். காரத்தோடு வயிற்றுக்குள் போய், நமக்கு எந்தத் தீங்கும் செய்யாமல் அப்படியே வெளியேறும். அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், நீரில் மனிதக் கழிவின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடலாம்.

செப்டிக் டேங்க் வீடுகள்தான் இந்த முறைக்குப் பிடிகொடுப்பதில்லை. திருவனந்தபுரத்திலும் பாதாளச் சாக்கடை எட்டாத பகுதிகள் நிறைய. அங்கிருந்து டேங்கர் லாரிகள் கொண்டுவரும் கழிவு, மாதங்களாகவோ ஆண்டுகளாகவோ தொட்டியில் தேங்கிக் கிடந்தது. அதைச் சோதித்து, இந்த வாரம் தொற்று பரவுகிறதா என்று சொல்ல முடியாது.