சோற்றைக் கைவிடாமலேயே எடையைக் குறைக்கலாம், தசையையும் வளர்க்கலாம்

எடையைக் குறைத்தே தீருவது என்று முடிவெடுத்தவுடன் நம்மவர்கள் செய்யும் முதல் வேலை, சோற்றை நிறுத்துவதுதான். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் அவித்த கோழி, இரவில் வெள்ளரிக்காய். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ குறைந்துவிடும். வீட்டில் எல்லாருக்கும் மகிழ்ச்சி. மூன்றாவது வாரம் ஒரு திருமண விருந்து வரும். அங்கே ஒரே ஒரு ஜிலேபியில் தொடங்கி, ‘போனது போனதுதானே’ என்று பிரியாணி, ஐஸ்கிரீம்வரை போய், மறுநாள் கணக்கே முடிந்துவிடும். இரண்டு மாதங்களில் பழைய எடை திரும்பியிருக்கும், சில வேளைகளில் வட்டியோடு.

முதல் வாரத்தில் குறைந்த அந்த இரண்டு கிலோவில் கொழுப்பு மிகக் குறைவு. உடல், மாவுச்சத்தைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு ஏறக்குறைய மூன்று கிராம் நீரும் தங்குகிறது. சோற்றை நிறுத்தினால் இந்தச் சேமிப்பு கரைந்து நீரும் வெளியேறுகிறது. மீண்டும் ஒரு தட்டு சோறு சாப்பிட்டால் இரண்டும் திரும்பி வருகின்றன. எடைப் பொறியின் முள் ஏறுவதைப் பார்த்து, “சோறுதான் குற்றவாளி” என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

‘போனது போனதுதானே’ என்ற மனநிலையும் ஆராயப்பட்ட ஒன்றுதான். 1975இல் பீட்டர் ஹெர்மன், டெபோரா மேக் என்ற உளவியலாளர்கள் மாணவிகள் சிலருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை விருப்பம்போல் சாப்பிடச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், வயிறு நிறைந்ததால் குறைவாகச் சாப்பிட்டார்கள். எப்போதும் கட்டுப்பாட்டில் இருப்பவர்களோ, மில்க் ஷேக் குடித்த பிறகு கூடுதலாகச் சாப்பிட்டார்கள். விரதம் கலைந்துவிட்டது, இனி எவ்வளவு சாப்பிட்டால் என்ன என்ற எண்ணம்தான் காரணம். பின்னர் 1991இல் ஜெர்மனியைச் சேர்ந்த யோகாகிம் வெஸ்டன்ஹோஃபர், கட்டுப்பாட்டையே இரண்டாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று இறுக்கமானது, மற்றது நெகிழ்வானது. இறுக்கமாக இருப்பவர்களே அடிக்கடி கட்டுமீறிச் சாப்பிடுகிறார்கள் என்பது அவரது கண்டுபிடிப்பு.

உடற்கட்டழகர்கள் ‘ஃபிளெக்சிபிள் டயட்டிங்’ என்று பெயரிட்டுப் பரப்பிய நெகிழ்வான உணவுமுறை இந்தச் சிந்தனையோடு ஒத்துப்போகிறது. தினமும் கோழி நெஞ்சுக்கறியும் புரோக்கோலியும் தின்று அலுத்துப்போனவர்கள் அவர்கள். இதில் விலக்கப்பட்ட உணவு என்று எதுவும் இல்லை. ஒரு நாளுக்கு இவ்வளவு கலோரி, அதில் புரதம் இவ்வளவு என்ற கணக்கு மட்டும் உண்டு. புரதத்திலும் மாவுச்சத்திலும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9 கலோரி. இந்த வரம்புக்குள் தோசையும் வரலாம், நாசி லெமாக்கும் வரலாம். எதையும் எவ்வளவும் சாப்பிடலாம் என்று இதற்குப் பொருள் கொள்பவர்கள் உண்டு. அவர்கள் பாதியை மட்டும் கேட்டுவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தவர்கள்.

கருத்தரங்குகளில் இந்தத் தலைப்பு வந்தால், “நாங்கள் என்ன ஆணழகன் போட்டிக்கா போகிறோம், எடை குறைந்தால் போதாதா, தசை எதற்கு?” என்று ஒரு கேள்வி எழும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரு புகைப்படத்தில் இருக்கிறது. 2004இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்களின் படம் வெளியானது. ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாக்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின். இருவருக்கும் உடல் எடைக் குறியீடு 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாக்னிக்கின் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு இருவரும் ஒல்லிதான். இந்திய வம்சாவளியினரின் உடலில் ஒரே எடைக்குத் தசை குறைவாகவும் கொழுப்பு கூடுதலாகவும் இருக்கும் போக்கு உண்டு என்பதை அந்த ஒரு படம் உலகுக்குச் சொன்னது. ஆசியர்களுக்கு 23ஐத் தொட்டாலே கவனம் தேவை என்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சொல்லப்படுவதன் பின்னணியும் இதுதான்.

மலேசியாவின் தேசிய சுகாதார ஆய்வின்படி 2023இல் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உடையவர்கள். இனிப்பு நீர் நோய் 2019இல் நாட்டில் 18.3 விழுக்காடு, இந்தியர்களிடையே மட்டும் 31.4 விழுக்காடு. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கி வைத்துக்கொள்ளும் கிடங்கு தசைதான். கிடங்கு சிறியதாக இருந்தால் சரக்கு தெருவில் நிற்கும். ஒரு கிலோ தசை கூடினால் சும்மா இருக்கும்போதே நூற்றுக்கணக்கான கலோரி எரியும் என்று சில பயிற்றுநர்கள் சொல்வது மட்டும் மிகை. அது நாளொன்றுக்கு 13 கலோரி அளவுக்குத்தான் வரும்.

பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். குறையும் எடையில் ஏறக்குறைய கால்பங்கு இப்படிப் போகக்கூடும். இருபது கிலோ குறைத்த ஒருவர் சட்டை அளவில் சிறுத்து, மாடிப்படி ஏற மூச்சுவாங்கி நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இதைத் தடுக்க முடியுமா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், கூடுதல் எடையுள்ள 40 இளைஞர்களுக்கு நான்கு வாரங்கள் கலோரியை 40 விழுக்காடு குறைத்து, வாரத்தில் ஆறு நாள் கடும் பயிற்சியும் கொடுத்தார்கள். உடல் எடையில் கிலோவுக்கு 2.4 கிராம் புரதம் சாப்பிட்டவர்கள் 4.8 கிலோ கொழுப்பைக் குறைத்து, 1.2 கிலோ கொழுப்பற்ற எடையையும் கூட்டியிருந்தார்கள். 1.2 கிராம் சாப்பிட்டவர்களுக்குத் தசை கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை. எடை தூக்கும் பயிற்சி தசையைக் காக்கிறது, புரதம் வளர்க்கிறது. வீட்டில் இவ்வளவு கடுமை தேவையில்லை. கிலோவுக்கு 1.6 கிராம் புரதத்துக்கு மேல் பலன் பெரிதாகக் கூடுவதில்லை என்பது 49 ஆய்வுகளைத் தொகுத்த 2018ஆம் ஆண்டின் முடிவு.

இனி தட்டுக்கு வருவோம். 90 கிலோவிலிருந்து 75 கிலோவுக்கு வர விரும்பும் ஒருவருக்கு, 75ஐக் கொண்டு கணக்கிட்டால் நாளுக்கு 120 கிராம் புரதம் வேண்டும். இரண்டு முட்டையில் 12 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 150 கிராமில் 45, ஒரு துண்டு மீனில் 22, நூறு கிராம் டெம்பேயில் 19, ஒரு குவளைப் பாலில் 8. சோறு, தோசை, பருப்பு மீதியைக் கொடுத்துவிடும். வெள்ளிக்கிழமையும் புரட்டாசியும் சைவமாக இருப்பவர்களுக்கு டெம்பே, தௌஃபு, தயிர் கைகொடுக்கும். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்று சொல்ல வேண்டாம். ஒரு கரண்டிச் சாம்பாரில் தண்ணீரே அதிகம். கெட்டியான பருப்பு ஒரு கிண்ணம் வேறு விஷயம்.

சாப்பாட்டுக் கடையில் பசியாறும்போது இரண்டு ரொட்டி சானாயும் ஒரு தே தாரிக்கும் எழுநூறு கலோரியைத் தாண்டும், புரதமோ இருபது கிராம்கூடத் தேறாது. ஒரு ரொட்டி சானாய், இரண்டு அவித்த முட்டை, சீனி போடாத கோப்பி ஓ என்று மாற்றினால் புரதம் குறையாது, கலோரி மட்டும் 270 அளவுக்குக் குறையும். ரொட்டி சானாயை விடவும் இல்லை. சோற்றின் கதையும் இதுவே. 200 கிராம் சோற்றில் 260 கலோரிதான். அதன்மேல் ஊற்றும் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலோ நெய்யிலோ 120 கலோரி இருக்கிறது. வாழை இலையில் சோறு கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் தெரியாது. அதனால்தான் பழி எப்போதும் சோற்றின்மேல் விழுகிறது. நாளுக்கு 500 கலோரி குறைத்தால் வாரத்துக்குச் சுமார் அரை கிலோ குறையும். அதைவிட வேகமாக ஓட வேண்டியதில்லை.

பயிற்சிக்கு ஜிம் உறுப்பியம் கட்டாயமில்லை. வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, தண்ணீர்ப் புட்டிகளைத் தூக்குவது என்று தொடங்கலாம். ஆனால் சுமை மெல்ல மெல்லக் கூட வேண்டும். ஒரே இரண்டு கிலோ டம்பெல்லை ஆண்டு முழுவதும் தூக்கிக்கொண்டிருந்தால் தசைக்கு வளர வேண்டிய காரணமே இல்லை. எடை தூக்கினால் ஆண்களைப் போல் ஆகிவிடுவோம் என்று அஞ்சும் பெண்களுக்கு அந்தப் பயம் வேண்டாம். அவ்வளவு தசை வளர்க்க ஆண்களே பல ஆண்டுகள் பாடுபடுகிறார்கள். நிறையக் குறைத்தவர்களுக்குத் தோல் சற்றுத் தொங்கலாம். தசை கூடுவதால் தோற்றம் ஓரளவு நிரம்பும், முழுதும் மறையாது.

சிலர் மருத்துவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. இனிப்பு நீருக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் உணவைக் குறைத்தால் மயங்கி விழும் அபாயம் உண்டு. சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களுக்கு அதிகப் புரதம் ஆகாது. ஒவ்வொரு கவளத்தையும் எண்ணி எண்ணி மனம் நொந்துபோகிறவர்களுக்கும் இந்த முறை பொருந்தாது.

மற்றவர்கள் சமையலறையில் ஒரு சிறு தராசு வைத்து முதல் இரண்டு மாதம் அளந்தால், பிறகு கண்ணே அளவு சொல்லும். வீட்டில் அம்மா கூடுதலாக ஒரு கரண்டி வைக்கும்போது சண்டை போட வேண்டியதில்லை, “சோறு போதும், மீன் இன்னொரு துண்டு வையுங்கள்” என்று கேட்டுக்கொள்ளலாம். தீபாவளியன்று கணக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு முறுக்கும் அதிரசமும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மறுநாள் காலை இரண்டு அவித்த முட்டையோடு அவர்கள் மீண்டும் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.