கொழுப்பா, சினையா? குட்டிக் குதிரை கற்றுத்தரும் பாடம்



பார்க்டேலில் இருந்து கிழக்கே கொஞ்சத் தூரம் நடந்தால் எக்ஸிபிஷன் பிளேஸ் வந்துவிடும். 1931இல் கட்டிய 'ஹோர்ஸ் பலஸ்' என்ற பெரிய குதிரை லாயம் அங்கே இன்றும் நிற்கிறது. 1922இல் தொடங்கிய ரோயல் குளிர்கால விவசாயக் கண்காட்சி நவம்பர் மாதத்தில் அந்த வளாகத்தில்தான் நடக்கிறது. நகரத்துப் பிள்ளைகளாகிய நம்மில் பலர் குதிரையைக் கிட்ட நின்று பார்ப்பது இப்படியான இடங்களிலும் பண்ணைகளிலும்தான். அதிலும் மினியேச்சர் குதிரை என்றால் எல்லாருக்கும் ஆசை. தோளுயரம் 34 அங்குலத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் விதி. ஐந்து வயதுப் பிள்ளையும் அதன் கழுத்தைக் கட்டிப்பிடிக்கலாம்.

அப்படியொரு பெண் குதிரை வயிறு பெருத்து நின்றால் பிள்ளைகள் உடனே கேட்பார்கள்: "இது குட்டி போடப் போகுதோ, இல்லாட்டி சாப்பிட்டுக் கொழுத்துப் போச்சோ?" பதில் சொல்லப் பக்கத்தில் நிற்கும் எல்லாரும் முன்வருவார்கள். ஆனால் இது விளையாட்டுக் கேள்வி அல்ல. தவறாகத் தீர்மானித்தால் தாயும் குட்டியும் சாகலாம்.

கண் ஏன் ஏமாறுகிறது?

மினியேச்சர் குதிரைக்குக் கால் கட்டை, உடம்பு உருண்டை. குளிர்காலத்தில் அடர்ந்த மயிர் உடம்பை மூடிவிடும். மேலும் இவை கொஞ்சத் தீனியிலேயே கொழுக்கிற இனம். நல்ல புற்றரையில் விட்டால் சினை இல்லாமலே பீப்பாய் மாதிரி ஆகிவிடும்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. சத்தில்லாத காய்ந்த நார்ப்புல்லை மட்டும் தின்னும் குதிரைக்கு வயிறு தொங்கும். ஆனால் முதுகிலும் விலாவிலும் சதை இருக்காது. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நம் பெற்றோருக்கு நெடுந்தீவு மட்டக்குதிரைகள் நினைவுக்கு வரலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழியில் வந்தவை என்று சொல்லப்படும் அவை, அந்தத் தீவில் கட்டாக்காலியாகத் திரிகின்றன. கடும் வரட்சியில் புல்லும் தண்ணீரும் இல்லாமல் செத்தும் இருக்கின்றன. குதிரையின் வயிற்றை மட்டும் பார்ப்பவருக்கு அது பட்டினி கிடக்கிறது என்பதே தெரியாமல் போகலாம்.

ஆகவே பெருத்த வயிற்றுக்குக் காரணம் கொழுப்பாக இருக்கலாம், சினையாக இருக்கலாம், வெறும் நார்ப்புல்லாகவும் இருக்கலாம். கொழுத்த குதிரையே சினையாகவும் இருக்கலாம்.

கை சொல்வது

1983இல் அமெரிக்காவின் ரெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஹெனெக் என்பவரும் கூட இருந்தவர்களும் குதிரையின் உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை புள்ளி போடும் முறையை வெளியிட்டார்கள். 1 என்றால் எலும்பும் தோலும். 9 என்றால் அளவு கடந்த கொழுப்பு. கழுத்து, தோள்மேடு, தோளின் பின்பக்கம், விலா, இடுப்புமுதுகு, வாலடி என்று ஆறு இடங்களைப் பார்க்கவேண்டும், கையால் தடவியும் அறியவேண்டும். இந்தப் பட்டியலில் வயிறு இல்லை என்பதைக் கவனியுங்கள்.

விலா கண்ணுக்குத் தெரியாமல் கைக்கு இலகுவாகத் தட்டுப்பட்டால் 5, அதாவது நடுத்தரம். அழுத்தினாலும் விலா தட்டுப்படாமல், கழுத்தின் மேல்விளிம்பு தடித்து, வாலடியில் கொழுப்புத் திரண்டிருந்தால் அது கொழுத்த குதிரை. வயிறு பெருத்திருந்தும் இந்த இடங்களில் கொழுப்பு இல்லையென்றால் காரணத்தை வேறெங்கோ தேடவேண்டும்.

பரிசோதனை சொல்வது

கையும் பாதிக் கதையைத்தான் சொல்லும். மிருக வைத்தியர் முதலில் கேட்பது, எப்போதாவது ஆண் குதிரையோடு ஒரே வேலிக்குள் இருந்ததா என்பதே. இரண்டு வயது நிரம்பாத ஆண் குட்டியாலும் சினைப்படுத்த முடியும். பெண் குதிரை ஏறக்குறைய 11 மாதம் சுமக்கும். குட்டி பெரும்பகுதி வளர்வது கடைசி மூன்று மாதத்தில்தான். அதனால் பல மாதங்கள் வரை வெளியே ஒன்றும் தெரியாது. மடி பெருப்பதும் பெரும்பாலும் கடைசிச் சில கிழமைகளில்தான்.

பெரிய குதிரையில் வைத்தியர் பின்வழியாகக் கையை விட்டு ஸ்கான் செய்வார். ஏறக்குறைய இரண்டு கிழமையிலேயே கரு தெரிந்துவிடும். குட்டிக் குதிரையில் கைக்கு இடம் போதாது. எனவே சிறிய கருவியைப் பிடியில் பொருத்திச் செலுத்துவார்கள், அல்லது பிற்பட்ட மாதங்களில் வயிற்றின் மேலாக ஸ்கான் செய்வார்கள். இரத்தப் பரிசோதனையும் உண்டு. சுமார் 40ஆம் நாளில் இருந்து 120ஆம் நாள் வரை ஒரு ஹோர்மோன் இரத்தத்தில் இருக்கும். ஆனால் கரு கலைந்த பிறகும் அது சில காலம் நிற்கும். ஆகவே அந்த ஒரு விடையை மட்டும் வைத்துக்கொண்டு குட்டி உயிரோடு இருக்கிறது என்று சொல்ல முடியாது.

பட்டினி போட்டால் என்ன?

"கொழுப்புத்தானே, தீனியைக் குறைப்போம்" என்று ஒருவர் முடிவெடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே கொழுத்த குதிரைக்குக் கவனமாகத் தீனியைக் குறைப்பது நல்லதுதான். குளம்பு அழற்சியில் இருந்து அது காப்பாற்றும். ஆனால் திடீரென்று பட்டினி போடுவது வேறு. மட்டக்குதிரை, மினியேச்சர் குதிரை, கழுதை ஆகியவற்றுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. சாப்பாடு குறைந்ததும் உடம்பில் சேர்ந்திருந்த கொழுப்பு இரத்தத்துக்குள் வெள்ளம்போல் பாயும். ஈரல் அதைத் தாங்காது. கொழுத்த குதிரை சினையாகவும் இருந்து, கடைசி மாதங்களிலும் நின்றால் ஆபத்து மிகவும் கூடும். பல குதிரைகள் இதில் பிழைப்பதில்லை.

வேறொரு ஆபத்தும் உண்டு. மினியேச்சர் குட்டியின் தலை உடம்புக்குப் பெரிது என்பதால் பிரசவம் சிக்கலாவது இந்த இனத்தில் கூடுதல். குதிரைகள் பெரும்பாலும் இரவில்தான் ஈனும். பன்னீர்க்குடம் உடைந்தபின் அரை மணித்தியாலத்துக்குள் குட்டி வெளியே வரவேண்டும். சினை என்று தெரியாத குதிரைக்கு இரவில் காவல் இருப்பவர் யார்?

ஆகவே தெரியும்வரை, சினையாக இருக்கக்கூடும் என்றே எண்ணி நடத்துவதுதான் பாதுகாப்பு. பட்டினியும் போடாதே, அள்ளியும் கொடுக்காதே. மிருக வைத்தியரைக் கூப்பிடு.

யாக்கோபின் நடை

ஆதியாகமம் 33ஆம் அதிகாரத்தில் ஏசா தம்பியைத் தன்னோடு சேர்ந்து பயணம் பண்ணக் கூப்பிடுகிறான். யாக்கோபு மறுக்கிறான். பிள்ளைகள் இளையவர்கள், மந்தையில் பால்கொடுக்கிற தாய் மிருகங்கள் உண்டு, ஒரே ஒரு நாள் விரட்டி ஓட்டினாலும் எல்லாம் செத்துப்போகும் என்று விளக்குகிறான். அவற்றின் நடைக்கு ஏற்ப மெதுவாக வருவேன் என்கிறான். வாழ்நாளெல்லாம் மந்தை மேய்த்தவனின் அறிவு அது. நீதிமான் தன் மிருகத்தின் உயிரைக் குறித்தும் கவலைப்படுவான் என்பது நீதிமொழிகள் 12:10இன் கருத்து. அந்தக் கவலை வேதத்தில் நீதியின் அடையாளம்.

"ஏதும் விசேஷமோ?"

இனி நம் ஆலய மண்டபத்துக்கு வருவோம். ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், கலியாணமான ஒரு அக்காவின் வயிற்றைப் பார்த்து "ஏதும் விசேஷமோ?" என்று கேட்பது நம்மிடையே சாதாரணம். கேட்பவர் அன்பாகத்தான் கேட்கிறார். கேட்கப்பட்டவர் போன மாதம் கருவை இழந்தவராக இருக்கலாம். வருடக்கணக்கில் சிகிச்சைக்குப் போகிறவராக இருக்கலாம். கர்ப்பப்பையில் நார்க்கட்டி, சூலகத்தில் கட்டி, ஈரல் நோயால் வயிற்றில் நீர் என்று வயிறு பெருக்கப் பல காரணங்கள் உண்டு. தாதியராகிய நாங்கள் வைத்தியசாலையில் வயிற்றைப் பார்த்து முடிவெடுப்பதில்லை. எக்ஸ்ரேக்கு முன் கர்ப்பமாக இருக்கக்கூடிய வயதுப் பெண்களிடம் தனியே கேட்போம். தேவையானால் பரிசோதிப்போம். விடையை மற்றவர்களுக்குச் சொல்லமாட்டோம்.

இங்கிலாந்தின் முதலாம் மேரி ராணியை நினைத்துப் பாருங்கள். 1555 ஏப்ரலில் அவர் பிரசவத்துக்காக ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தங்கினார். 30ஆம் திகதி ஆண்குழந்தை பிறந்துவிட்டது என்ற வதந்தி பரவி லண்டனில் ஆலய மணிகள் ஒலித்தன. பிள்ளை பிறக்கவே இல்லை. ஓகஸ்ட் மாதம் அவர் வெறுங்கையோடு அங்கிருந்து போனார். அதே ஆண்டில்தான் லத்திமர், ரிட்லி ஆகிய நம் இரத்தசாட்சிகள் அவருடைய ஆட்சியில் எரிக்கப்பட்டார்கள். ஆனாலும் ஊர் முழுவதும் வயிற்றைப் பார்த்துக் காத்திருந்த ஒரு பெண்ணின் வெட்கத்தை நினைத்தால் மனம் இரங்கத்தான் செய்கிறது.

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில் ஆசாரியனாகிய ஏலி, அன்னாளின் உதடு அசைவதை மட்டும் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று நினைத்தான். அவளோ பிள்ளைக்காக அழுது ஜெபித்துக்கொண்டிருந்தாள். அவள் விளக்கிச் சொன்னதும் ஏலி தன் தீர்ப்பை மாற்றி ஆசீர்வதித்தான். அதே புத்தகத்தின் 16ஆம் அதிகாரத்தில், மனுஷன் வெளித்தோற்றத்தைப் பார்க்கிறான், தாம் இருதயத்தைப் பார்ப்பதாகக் கர்த்தர் சாமுவேலுக்கு உணர்த்துகிறார்.

இறுதியாக, தங்கையருக்கு ஒரு வார்த்தை. உங்கள் வயிறே சில கிழமைகளாகக் காரணமின்றி ஊதியிருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், தானாகச் சாப்பாட்டைக் குறைத்துச் சமாளிக்கவும் வேண்டாம். குடும்ப வைத்தியரிடம் போங்கள். தம்பிமாரே, ஒருவருடைய உடம்பைப் பற்றிப் பகிடி வாயில் வரும்போது அதை விழுங்கிவிடுங்கள்.

வாலிபர் கூட்டத்தில் கலந்துரையாட:

1. உண்மை தெரியுமுன் ஒருவரைப் பற்றி நாம் முடிவெடுத்து நடந்துகொண்டதால் அவருக்கு என்ன பாதிப்பு வரலாம்?
2. யாக்கோபைப்போல் யாருடைய நடைக்கு ஏற்ப நாம் மெதுவாக நடக்கவேண்டும்? நம் வீட்டில் யார், நம் சபையில் யார்?
3. "ஏதும் விசேஷமோ?" என்பதற்குப் பதிலாக அந்த அக்காவிடம் அன்போடு வேறு என்ன கேட்கலாம்?