அபாயச் சங்கு

2025ஆம் ஆண்டு மே 8ஆம் தேதி இரவு சண்டிகரில் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. நம்மவர் இல்லங்களில் கைப்பேசித் திரைகள் மட்டும் ஒளிர்ந்தன. கராச்சித் துறைமுகம் அழிந்தது என்று சில செய்தி நிலையங்கள் முழங்கின. இஸ்லாமாபாத்தே வீழ்ந்தது என்றும் கூறின. வர்ணனையினூடே அபாயச் சங்கு ஓயாது ஊதிற்று. பொழுது விடிந்தது, துறைமுகம் இருந்த இடத்திலேயே இருந்தது!

பழியை நிலையங்களின் மீது மட்டும் சுமத்துவதற்கில்லை. பஹல்காமில் 26 பேர் மாண்ட புண் நெஞ்சில் ஆறாதிருந்தமையால், கேட்க விரும்பியதையே நம்பினோம். ‘லைன் கிளியர்’ இன்றி வண்டியை நகரவிடாத இரயில்வேயில் ஊழியம் புரியும் நாமே, நலம் விசாரித்த ஊர்ப் பெரியவர்களிடம் அப்பொய்யைத் தீர விசாரியாமல் மகிழ்வோடு கூறினோம்.

மே 10ஆம் தேதி, நிகழ்ச்சிகளில் அபாயச் சங்கொலியைப் பயன்படுத்தலாகாது என்று மத்திய அரசு செய்தி நிலையங்களைப் பணித்தது. அடிக்கடி கேட்டுப் பழகிய செவி, மெய்யான சங்கையும் பொருட்படுத்தாது போகும் என்பதே காரணம். அது வெறும் அச்சமன்று. 9ஆம் தேதி காலை சண்டிகரில் மெய்யாகவே சங்கு ஊதியபோது, நம் வீட்டார் முதலில் சொன்னது, “அந்தக் கைப்பேசியை அணையுங்கள்” என்பதே.